ரெண்டு வருஷத்துக்கு வரும்

அடையாறு
11 ஆகஸ்ட் 2025

அம்மா,

வெள்ளிக்கிழமை கடையில் நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன்.

அந்த ஐஸ் ஹாக்கி மட்டை நம் தங்கச்சி ஸ்வர்ணாவுக்குப் பெரிது என்று சொல்லவில்லை. அவள் அதை நேராக நிறுத்திப் பிடித்தபோது அதன் முனை அவள் உச்சந்தலையைத் தாண்டி நாலு விரல் நின்றது. வெறுங்காலில் நின்றால் மூக்குக்கு மேல் போகக் கூடாது, ஸ்கேட் போட்டால் தாடைக்கு வர வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

மகன் வாங்கி வந்த பெருமையில் ஜானு மாமி உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து அதற்காகவே ஆட்டோ பிடித்து வந்திருந்தார். "டொரான்டோலேர்ந்து அம்பி தோள்ல சுமந்துண்டு வந்திருக்கான், தங்கம்! ஏர்போர்ட்ல இது என்ன ஆயுதம்னு குடைஞ்சு எடுத்துட்டாளாம்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே எப்படிச் சொல்வது? நம் கடைச் சுப்பம்மா மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். "அக்கா, இது கொடிக்கம்பு மாரி கீது. பாப்பா இத்த தூக்கினு ஓடுமா, இது பாப்பாவத் தூக்கினு ஓடுமா?" அதற்கும் சிரித்தார்கள். நீ பில் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், "வளருத புள்ள. ரெண்டு வருஷத்துக்கு வரும்" என்றாய்.

அந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். யூனிபார்ம் கடைக்காரியின் மகள் எப்போதும் தோள் இறங்கிய சட்டையில்தான் பள்ளிக்குப் போனாள். கணுக்காலை இடிக்கிற பாவாடை, முழங்கை மறைக்கிற அரைக்கை. நம் பிள்ளையே பெரிதாகப் போட்டால்தான் மற்றவர்கள் நம்பி வாங்குவார்கள் என்பாய். அது பொருந்துகிற நாள் வந்தபோது துணி வெளுத்திருக்கும். எனக்கு வாங்கியதெல்லாம் இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற யாரோ ஒருத்திக்கு. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஸ்வர்ணாவுக்கு இது சட்டை இல்லை அம்மா. அக்டோபர் முதல் வாரம் டேராடூனில் சிறுமியர் அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. நம் ஊரில் பனிக்கட்டித் தளம் கிடையாது. இவர்கள் மந்தைவெளிப் பக்கம் சிமெண்டுத் தரையில் சக்கரம் கட்டி ஆடியே பழகியவர்கள். ஷரஃபுதீன் கோச் ஐந்து பெண்களைத்தான் கூட்டிப்போகிறார். சொந்த மட்டை இருக்க வேண்டும், அதைக் கையாளத் தெரிய வேண்டும். செப்டம்பர் இருபத்தொன்றுக்குள் அவர் முடிவு செய்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்லவில்லை. போன வருஷம் பெரியப்பா மாப்பிள்ளைப் புகைப்படத்தோடு கடைக்கு வந்து, என்னைக் கேட்காமலே தேதி குறித்தபோதும் நீ பில் போட்டுக்கொண்டிருந்தாய். அதனால்தான் நான் இந்த ஹாஸ்டலில் இருக்கிறேன். வேலைக்குப் பக்கம் என்பது சாக்கு.

நேரில் பேசினால் உனக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். சுப்பம்மா தினமும் ஊரூர்க் குப்பத்திலிருந்து இந்த வழியாகத்தானே தி.நகருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுது. மட்டையை மாற்று.

மதுமதி

*

தி.நகர்
14.8.2025

மதிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம் வந்தது. புத்தகக் கம்பெனியில் எழுத்துப் பிழை பார்ப்பது உன் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதையே பார்க்கிறாய்.

நான் இந்தக் கடையில் இருபத்து மூன்று வருஷமாக அளவு பார்க்கிறேன். டேப் எடுக்க மாட்டேன். பிள்ளை படியேறி வரும்போதே முப்பதா முப்பத்திரண்டா என்று தெரிந்துவிடும். எந்தப் பிள்ளை ஆடிக்குள் நீளும், எது இரண்டு வருஷம் அப்படியே நிற்கும் என்றும் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கம்பு நீளம் தெரியாது என்று நினைக்கிறாய். தெரிந்துதான் வாங்கினேன். ஏன் என்று கேட்காதே. கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை.

தோள் இறங்கிய சட்டை போட்டாய் என்கிறாய். ஒரு வருஷமாவது சட்டை இல்லாமல் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாயா?

மாப்பிள்ளை விஷயத்தை எடுக்காதே. அன்றைக்கு நீயும்தான் வாய் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். போகிறவளுக்கு வாயும் கூடப் போய்விடுமா?

ஸ்வர்ணா அந்தக் கம்பைத்தான் பிடிப்பாள். பழகிக்கொள்வாள். சுப்பம்மா, "நா இன்னா போஸ்ட் ஆபீசா, ரெண்டு பேருக்கும் போன் கீதுல்ல?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

ஹாஸ்டலில் தண்ணீர் சுட வைத்துக் குடி.

அம்மா

*

அடையாறு
25 ஆகஸ்ட் 2025

அம்மா,

பழகிக்கொள்கிறாளா என்று நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். ஞாயிறு காலை ஆறரை மணிப் பயிற்சி. ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன்.

மற்றப் பெண்கள் கிளப்பின் பழைய மட்டைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். தேய்ந்துபோன, நேரான பலகை வைத்த மட்டைகள். இவள் கையில் கனடாக் கருப்பு மட்டை. ஆனால் நம் பெண்தான் கடைசி. மட்டையின் மேல்முனை ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வயிற்றில் குத்தியது. அது இடிக்காமலிருக்கக் கையை அகட்டிப் பிடித்தாள், அகட்டியதும் ரப்பர் வட்டு அவள் காலுக்கடியில் புகுந்து ஓடியது. ஒரு பெண், "ஏய் ஸ்வர்ணா, ஒட்டடை அடிக்கிறியா?" என்று கத்தினாள். ஸ்வர்ணா சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். அது என்னுடைய சிரிப்பு. பெரிய சட்டைக்குள் நின்று நான் சிரித்தது.

இடைவேளையில் என்னிடம் வந்து, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதக்கா. எனக்கு ஓகேதான்" என்றாள். பனியனைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். விலாவுக்குக் கீழே இரண்டு இடத்தில் கன்றிப்போயிருந்தது.

ஆகவே நான் அதை வெட்டிவிட்டேன்.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்பாய். கோச் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் வருகிறார். அதுவரை இன்னும் இரண்டு பயிற்சிகள் அவள் விலாவில் போவதை நான் விரும்பவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் கதவு செய்கிற ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போய், வெறுங்காலில் நிற்க வைத்து, மூக்கருகில் பென்சிலால் கோடு போட்டு அறுக்கச் சொன்னேன். அரை அடிக்கு மேல் போயிற்று. அறுத்த துண்டு என் மேசை மேல் இருக்கிறது. மட்டை இப்போது அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. இன்றைய உயரத்துக்கு.

கோபப்படு. ஆனால் இனி அது பெரிதாகாது.

மதுமதி

*

தி.நகர்
28.8.2025

மதி,

வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் போர்டு மாட்டியிருக்கிறேன். நீ அதைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். அறுப்பதற்கு முன் ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எழுதுகிற விஷயம் இல்லை என்றேன். இப்போது எழுதாமல் முடியாது.

ஜூனில் ஸ்வர்ணா பெரியவளானாள். தண்ணீர் ஊற்றி முடித்த மறுநாளே உன் பெரியப்பா கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். "ஏ தங்கம், இனிமே அந்தச் சக்கர வெளையாட்டு வேண்டாம். கொமரிப் புள்ள காலைக் காட்டிக்கிட்டு ஓடுதது நல்லாவா இருக்கு?" என்றார். உன் அப்பா இருந்தவரை இவர் இந்தப் படியேறிப் புத்தி சொன்னதில்லை. அவர் போனபிறகு, பாதிக் கடை இவர் பெயரில் இருப்பதால், மீதிப் பாதிக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

அவரிடம் பிள்ளையின் ஆசை, திறமை என்று பேசினால் நான் ஜெயிக்க மாட்டேன். அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான் புரியும். அதைப் பேசினேன். "அத்தான், கனடாவுல இருந்து கம்புக்குச் சொல்லியாச்சு. வளருத புள்ளன்னு ரெண்டு வருஷத்துக்கு வர்ற மாதிரிப் பெருசாச் சொல்லிட்டேன். சாமான் வீணாப் போயிரும்லா?"

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, "வாங்குன சாமானை வீணாக்கப்பிடாது. சரி, கம்புக்கு ஆள் சரியாவுத வரைக்கும் ஆடட்டும்" என்றார்.

இப்போது புரிகிறதா? அந்தக் கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு காலம் அவரால் வாய் திறக்க முடியாது. அதனால்தான் அம்பியிடம் ஆம்பிளைகள் பிடிக்கிற அளவு கேட்டேன். அதில் நீ அரை அடி அறுத்துவிட்டாய்.

நேற்று வந்தார். மூலையில் கம்பைப் பார்த்தார். "என்ன, குட்டையாப் போச்சு?" என்றார். மதி வெட்டினாள் என்று ஸ்வர்ணா உளறிவிட்டாள். "அப்ப இது இனி ரெண்டு வருஷத்துக்கு வராது" என்று சொல்லிச் சிரித்தார். "ஞாயித்துக்கெழமை எட்டாந்தேதிக்குள்ள ஒரு முடிவு சொல்லு." ஏழாம் தேதிதான் ஞாயிறு. அதைக்கூட நான் திருத்தவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும். ஏன் நின்றேன் என்று நீ கேட்டதில்லை. ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடை. ஓரத்தில் இரண்டு விரல் மடிப்பு விட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் அதையும் அவிழ்த்தாயிற்று. எட்டில் அவிழ்க்க ஒன்றும் இல்லை. முழங்கால் தெரிந்தது. "பாவாடை குட்டையாயிட்டு, இனி என்னத்துக்குப் பள்ளிக்கூடம்" என்று என் அய்யா சொன்னார். புதுப் பாவாடை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதனால்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். நீ பொருத்தம் பார்க்கிறாய். நான் யாராலும் நிறுத்த முடியாதபடி பார்க்கிறேன்.

அம்மா

*

அடையாறு
3 செப்டம்பர் 2025

அம்மா,

ஐந்து நாள் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தை வேலை நேரத்தில் ஒரு பிழைதிருத்தப் பிரதிக்கு அடியில் வைத்துப் படித்தேன். பிறகு பிரதியில் ஒரு வரிகூட ஓடவில்லை.

எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெட்டியிருக்க மாட்டேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோச் வந்து மட்டையைப் பார்த்தார். தரையில் ஊன்றி அழுத்தினார், வளையவில்லை. "யாரும்மா அறுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "நீள மூங்கில் வளையும். அதுல சாண் மூங்கில் எடுத்து வளைச்சுப் பாருங்க. இதுவே பெரியவங்க வெயிட்டுக்குச் செஞ்சது. நீங்க வெட்டி இன்னும் கெட்டியாக்கிட்டீங்க. புள்ள முப்பத்தி நாலு கிலோ. இனிமே இதைச் சுவத்துல சாத்தி வைக்கலாம்" என்றார். மட்டை வளைந்து நிமிர்ந்தால்தான் வட்டு தரையை விட்டு எழும்புமாம். ஸ்வர்ணா அடித்துக் காட்டினாள். வட்டு தரையோடு தவழ்ந்து போய், வலைக்கு முன்னாலேயே நின்றது.

நீளத்தை மட்டும் பார்த்தேன். வளைவைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்பதற்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது.

ஆனால் உன் பக்கம் சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியப்பா வாயை அடைக்க வாங்கியதை அவருக்குக் காட்டிவிட்டுப் பரணில் போட்டிருக்கலாமே. ஆட வேண்டியவள் கையில் ஏன் கொடுத்தாய்? அந்த இரண்டு வருஷமும் அவள் விலாவில்தானே கழிந்திருக்கும்? இரண்டு வருஷம் முடிந்தபின் என்ன சாக்கு வைத்திருந்தாய்? இன்னும் பெரிய கம்பா?

உன் பாவாடைக் கதையைப் படித்து அழுதேன். அழுதபின்னும் இதைத்தான் எழுதுகிறேன்.

டெல்லியில் ஒருவர் சிறுவர் மட்டைகள் வைத்திருக்கிறார். கூரியரில் பதினைந்து நாளில் வந்துவிடும். நீளம், எடை எல்லாம் கோச்சிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒன்றுதான் பாக்கி. இந்த மட்டைகளின் பலகை ஒரு பக்கமாக வளைந்திருக்கும். வலது கை கீழே வருகிறவர்களுக்கு ஒரு வளைவு, இடது கை கீழே வருகிறவர்களுக்கு வேறு. வலது கையால் எழுதுகிறவர்கள் அந்தக் கையை மேலே வைக்க வேண்டும், இடப்பக்க மட்டைதான் நல்லது என்று நான் படித்த மூன்று இடங்களிலும் இருக்கிறது. ஸ்வர்ணாவைக் கேட்டால் "எதுனாலும் ஓகேக்கா" என்கிறாள். சனிக்கிழமை இடப்பக்கம் என்று சொல்லிவிடப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் என்ன சொல்லப்போகிறாய்?

மதுமதி

*

தி.நகர்
5.9.2025

மதி,

இடப்பக்கம் சொல்லாதே. இதை இன்றைக்கே சுப்பம்மாவிடம் கொடுத்து, "ராத்திரியே ஹாஸ்டல்ல ஏறிக் குடுத்துட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறேன். "கப்பல் முழுவுற மாரி இன்னா அவசரம்?" என்று கேட்டுக்கொண்டே போகிறாள்.

நீ புத்தகத்தைப் பார்த்தாய். பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

நம் கடையில் உத்தரத்தில் தொங்குகிற உருப்படியை எல்லாம் எதால் எடுப்போம்? கொக்கிக் கம்பால். ஸ்வர்ணா ஆறு வயதிலிருந்து அதைப் பிடிக்கிறாள். லீவு நாளில் ஒரு நாளைக்கு நூறு தடவை. இடது கை மேலே, வலது கை கீழே. கொக்கியை ஹேங்கரில் மாட்டி, வலது கையால் ஒரு தள்ளு, சட்டை வந்து என் மேசையில் விழும். மாற்றிப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. நேற்று வேண்டுமென்றே மாற்றிப் பிடிக்கச் சொன்னேன். மூன்று பாவாடையைக் கீழே தள்ளி ஒரு வாத்தியார் தலையில் போட்டாள்.

அம்பியிடமும் வலது கை கீழே என்றுதான் சொன்னேன். நீ அறுத்த கம்பை எடுத்துப் பார். நீளத்தைத்தான் பொய்யாகச் சொன்னேன். கையை உள்ளபடி சொன்னேன்.

பெரியப்பாவிடம் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அம்மா

*

தி.நகர்
8.9.2025

மதி,

உன் பதில் வருமுன் எழுதுகிறேன். ஸ்வர்ணாவோ சுப்பம்மாவோ உனக்கு இதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

நேற்று பதினோரு மணிக்கு வந்தார். கடையில் ஒரு தாயும் பையனும் கால்சட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவர்கள் போகட்டும் என்று இருப்பேன். அவரே ஆரம்பித்தார்.

"கம்பும் போச்சு. இனி என்ன சாக்கு, தங்கம்?"

"சாக்கு ஒண்ணும் இல்ல, அத்தான். அவ போறா."

"எங்க?"

"டேராடூனுக்கு."

"அது எங்ஙன இருக்கு?"

"எனக்கும் தெரியாது. மதிக்குத் தெரியும்."

"பெட்டியத் தூக்கிட்டுப் போனவளையா துணைக்கு அனுப்புத? ஒண்ணு போனது பத்தாதா?"

"அவளுக்குத்தான் போற வழி தெரியும்."

அப்போது சுப்பம்மா கையிலிருந்த சாக்ஸ் பெட்டியைக் கீழே போட்டாள். சிரிப்பை அடக்கத்தான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு இவளக் கட்டிக் குடுக்க வேண்டாமா? ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

"ஊரு நம்மகிட்டதான யூனிபார்ம் எடுக்குது. கேட்டா நான் பில் போட்டுக்கிட்டே பதில் சொல்லிக்கிடுதேன்."

"கடையில பாதி என்னுது. நெனவு இருக்கட்டும்."

"இருக்கு, அத்தான். கடையில பாதி உங்களுது. புள்ளையில இல்ல."

கால்சட்டை பார்க்க வந்த பெண், "அக்கா, நாங்க அப்புறம் வரட்டுமா?" என்று கேட்டாள். "இருங்க, இருங்க. இருபத்தெட்டு எடுத்துத் தாரேன், அதான் சரியா இருக்கும்" என்றேன். பிறகுதான் கவனித்தேன், பையனுக்குச் சரியான அளவையே சொல்லியிருக்கிறேன். பதற்றத்தில் இரண்டு சைஸ் கூட்ட மறந்துவிட்டேன்.

பெரியப்பா எழுந்தார். புதன்கிழமை ஆசாரி வருவான், நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கு முன்னால் யாராவது கடையைப் பிரிப்பார்களா? பிரிக்கட்டும். அவர் போனபிறகு அந்தக் கால்சட்டைக்குப் பில் போட்டேன். ஸ்வர்ணா டீ வாங்கிக் கொடுத்தாள்.

போன வருஷம் உனக்காக நான் இப்படிப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வராது. எழுதினால் நீ அதிலும் பிழை பார்ப்பாய். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

லீவு போட்டுவிட்டு அவளோடு போ.

அம்மா

*

அடையாறு
22 செப்டம்பர் 2025

அம்மா,

உன் கடைசிக் கடிதத்தில் ஒற்றுப் பிழை மூன்று. திருத்தவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

வலப்பக்க மட்டைதான் வந்தது. பார்சலை இங்கேயே பிரித்தோம். ஸ்வர்ணா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். மூக்கு நுனிக்குக் கீழே அரை அங்குலம். கைப்பிடியில் கருப்பு டேப்பைச் சுற்றுகிறேன் என்று நான் தொட்டேன். "நீ தொடாதக்கா" என்று வாங்கிக்கொண்டாள். நியாயம்தான்.

நேற்று மந்தைவெளியில் அவள் அடித்த மூன்றாவது வட்டு தரையை விட்டு எழும்பியது. முழங்கால் உயரம்தான். அவளே திரும்பி, அடித்தது தானா என்று பார்த்தாள். கோச் அட்டையில் எழுதிக்கொண்டார். பயிற்சி முடிந்து ஐந்து பெயர் படித்தார். நாலாவது அவள். உனக்கு முதலில் போன் செய்ததும் அவள்தான் என்று தெரியும். நான் எழுதுவது பதிவுக்காக.

பிறகு கடைக்கு வந்தேன். நீ உள்ளே சரக்கு பிரித்துக்கொண்டிருந்தாய். நான் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டேன். பலகை இன்னும் வர்ணம் அடிக்காமல் பச்சை மரமாக நிற்கிறது. பையன்கள் துணி அவர் பக்கம், பெண்கள் துணி நம் பக்கம் என்று யார் பிரித்தது? ஒரு பையனும் ஒரு பெண்ணும் உள்ள குடும்பம் இரண்டு படி ஏறி இறங்கியது. "இந்தாண்ட பாவாட, அந்தாண்ட டவுசர்! ஒரே கடதான், நடுவுல சண்ட!" என்று சுப்பம்மா வாசலில் நின்று கூவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா காதில் விழுகிற மாதிரிதான் கூவினாள்.

லீவு கிடைத்துவிட்டது. முப்பதாம் தேதி கிளம்புகிறோம். ஆயுத பூஜைக்கு உன் கத்தரிக்கோலுக்கு நீயே பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்ததும் வீட்டுக்கே வந்துவிடு என்று சுப்பம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தாய். நான் வரமாட்டேன். கோபத்தால் அல்ல. இங்கே எனக்கு ஒரு மேசை இருக்கிறது, ஒரு ஜன்னல் இருக்கிறது, எனக்குப் பொருந்துகிற அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பில் போடுகிறேன். அதைச் சாப்பாட்டுக்குச் சரிக்கட்டிக்கொள்.

மதுமதி

*

டேராடூன்
6 அக்டோபர் 2025

அம்மா,

போனில் அவள் உன்னிடம் "நல்லாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள். மீதியை நான் எழுதுகிறேன்.

முதல் நாள் அவள் பனியில் கால் வைத்ததும் விழுந்தாள். எழுந்தாள், விழுந்தாள். சக்கரத்தில் நிறுத்துகிற விதம் வேறு, இங்கே வேறு. லடாக் பெண்கள் நடப்பதுபோல் ஓடுகிறார்கள். அவர்களில் ஆயத் என்றொரு பெண், இவள் வயதுதான், நேராக வந்து, "தும் சென்னை ஸே? வஹான் பர்ஃப் ஹை?" என்று கேட்டாள். அங்கே பனி இருக்கிறதா என்று கேட்கிறாள். நம் பெண் எனக்குத் தெரிந்து முதல்முறையாக ஒருவருக்கு உடனே பதில் சொன்னாள். "ஃபிரிட்ஜ்ல இருக்கு." அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் ஃபிரிட்ஜ் புரிந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் ஆயத் அவளுக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் இடப்பக்கம் ஆட வைத்தார்கள். வட்டு அவளிடம் ஆறு தடவை வந்தது, ஐந்தை இழந்தாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நான் ஊருக்கே திரும்பிடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு நல்ல வாக்கியங்கள் பல தோன்றின. "நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பப் போனாள்.

இன்று மூன்றாம் நாள், கடைசி ஆட்டம். நாலு நிமிஷம் பாக்கி இருந்தபோது வலப்பக்கத்திலிருந்து அடித்தாள். வட்டு எழும்பி, காவல் நின்ற பெண்ணின் தோளுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை, இவள் அணி ஏற்கெனவே மூன்று கோல் பின்தங்கியிருந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். நான், அம்மா. தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இருபது பெயர். ஸ்வர்ணலதா பெயர் இல்லை. அடுத்த தேர்வு பிப்ரவரியில். படிவத்தை அவளே வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்குகிறோம்.

மதுமதி